மஞ்சள் கரு: அடுத்த தலைமுறைக்கான சேமிப்பு

திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெரு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவானதாகும். அரிசி, பருப்பு, காய்கறி ஆகியவற்றோடு முட்டையும் இங்கு விலையாகிறது. கேரள மக்கள் உண்ணும் முட்டைகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டின் நாமக்கல் வட்டாரத்திலிருந்து செல்கிறது. மனிதனுக்கு உணவாகும் மஞ்சள் கரு, இயற்கையில் ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்காகச் சேர்த்து வைக்கும் மூலதனமாகும். அது எவ்வாறு சேர்க்கப்படுகிறது, எவ்வாறு செலவிடப்படுகிறது என்பதை அறிவது உணவு உற்பத்திக்கு மட்டுமன்றி, பொது சுகாதாரத்திற்கும் பயன்படும்.

கல்லீரலில் உற்பத்தி

மஞ்சள் கருவின் முக்கியப் பொருள்கள் முட்டைக்குள் உருவாவதில்லை. பெட்டைக் கோழியின் சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன், கல்லீரலைத் தூண்டுகிறது. கல்லீரல் ‘வைட்டெல்லோஜெனின்’ என்ற புரதத்தையும் கொழுப்பையும் உற்பத்தி செய்து இரத்தத்தில் விடுகிறது. வளரும் முட்டை அணு அவற்றை உள்ளிழுத்துச் சேமிக்கிறது. முட்டை வெளிப்படுவதற்கு முந்திய சுமார் பத்து நாட்களில்தான் மஞ்சள் கருவின் பெரும்பகுதி சேருகிறது. அதில் ஏறத்தாழப் பாதி நீர். மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. ஆறில் ஒரு பங்கு புரதம். மஞ்சள் நிறமோ மக்காச்சோளம், பசுந்தீவனம் ஆகியவற்றிலுள்ள நிறமிகளால் ஏற்படுவது. எனவே நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு புரதத்தின் அளவை மதிப்பிட இயலாது.

அடைகாத்த 21-ஆம் நாளில் குஞ்சு பொரிகிறது. அதற்குச் சற்று முன்னர், எஞ்சிய மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. இந்த இருப்பு இரண்டு, மூன்று நாட்களுக்குக் குஞ்சைத் தாங்கும். ஒருநாள் குஞ்சுகளைப் பெட்டிகளில் அடைத்துத் தொலைதூரப் பண்ணைகளுக்கு அனுப்பும் வாணிபம் இதனாலேயே சாத்தியமாயிற்று.

பூச்சிகளின் முறை

பூச்சிகளுக்குக் கல்லீரல் இல்லை. அதன் பணிகளுள் பலவற்றை உடற்குழியில் பரவியுள்ள ‘கொழுப்புறுப்பு’ செய்கிறது. மஞ்சள் கருப் புரதம் பெரும்பாலும் இங்கே உருவாகிச் சூலகத்தை அடைகிறது. பட்டு அந்துப்பூச்சி உணவு உண்பதே இல்லை. புழுப் பருவத்தில் தின்ற மல்பெரி இலையே அதன் முட்டைகளுக்கு முதலாகும். ஆகவே, விதைக்கூடுகளுக்காக வளர்க்கப்படும் புழுக்களுக்குத் தரமான இலை அளிப்பது இன்றியமையாதது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவின் நிலை வேறு. முட்டை வளர்ச்சிக்குத் தேவையான புரதத்தைப் பெறவே பெண் கொசு இரத்தம் குடிக்கிறது. ஆண் கொசு கடிப்பதில்லை. இரத்தம் செரித்ததும் ஹார்மோன்களின் ஏவலால் கொழுப்புறுப்பு மஞ்சள் கருப் புரதத்தை விரைந்து உற்பத்தி செய்கிறது. சுமார் மூன்று நாட்களில் முட்டைகள் இடப்படுவதற்குத் தயாராகின்றன.

இம்முட்டைகள் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டப்படுகின்றன. நீர் வற்றினாலும் அவை அழிவதில்லை. முட்டைக்குள் முழுமையாக வளர்ந்துவிட்ட இளம்புழு, தாய் அளித்த சேமிப்பைச் சிறுகச் சிறுகச் செலவிட்டு, பல மாதங்கள்கூடக் காத்திருக்கும். மழைநீர் தொட்டதும் வெளிவரும். எனவே தொட்டியிலுள்ள நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவுதலும் வேண்டும். தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டையும் பெறும் திருவனந்தபுரத்திற்கு இது பெரிதும் பொருந்தும். 2017-இல் கேரளத்தில் டெங்கு பரவியபோது இம்மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. தேங்காய்ச் சிரட்டையும் பிளாஸ்டிக் கழிவும் குவியக்கூடிய எந்தக் கடைத்தெருவும், வாரந்தோறும் துப்புரவு செய்யப்படாவிடில் கொசுப் பண்ணையாகிவிடும்.

நீர்வாழ் உயிர்கள்

இறால், நண்டு ஆகியவற்றில் கண்காம்பிலிருந்து சுரக்கும் ஹார்மோன் ஒன்று மஞ்சள் கரு உருவாவதைத் தடுத்து வைக்கிறது. கேரள விலங்கியல் அறிஞர்களான கே. ஜி. அடியோடி, ரீட்டா ஜி. அடியோடி இருவரும் இத்தகைய உயிர்களின் இனப்பெருக்க ஹார்மோன்கள் குறித்து 1970-இல் விரிவான கட்டுரை வெளியிட்டனர். இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண்காம்பை நீக்கி முட்டையிடச் செய்யும் முறை இத்தடையை அகற்றும் உத்தியே. எனினும் அது தாய் இறாலை நலிவுறச் செய்வதால், மாற்று முறைகள் தேடப்பட்டு வருகின்றன.

மீன்களிலும் இப்புரதம் கல்லீரலில்தான் உருவாகிறது. ஆண் மீனின் இரத்தத்தில் அது மிகுந்து காணப்பட்டால், ஈஸ்ட்ரோஜன் போன்று செயற்படும் கழிவுகள் நீரில் கலந்துள்ளன என்று கொள்ளலாம். நீர் மாசினை அறிய இது சிறந்த அடையாளமாகப் பல நாடுகளில் பயன்படுகிறது.

பாலூட்டிகளில் தாய்ப்பாலும் நஞ்சுக்கொடியும் இச்சேமிப்பின் இடத்தைப் பெற்றுவிட்டன. ஏனைய பெரும்பாலான உயிர்களுக்கு மஞ்சள் கருவே முதல் உணவு. கோழி, பட்டுப்புழு, இறால் ஆகியவற்றில் அச்சேமிப்பைப் பெருக்குவதும், கொசுவிடத்தில் அதனைப் பயனற்றதாக்குவதும் வளர்ச்சிப் பணியின் இரு பக்கங்களாகும். முன்னதற்குத் தீவனமும் ஆராய்ச்சியும் வேண்டும். பின்னதற்குத் தேவையானவை ஒரு துடைப்பமும், வாரம் ஒருமுறை அதனைத் தவறாது எடுக்கும் ஒழுங்குமே.