கேட்க ஒரு செவி

எழுத்தையே வாழ்வின் சாரமாகக் கொள்ள விரும்புகிறவர்கள் சொல்லும் குறைகள் எக்காலத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்து வந்திருக்கின்றன. பகல் பொழுதை உத்தியோகம் கொண்டுபோகிறது. இரவுப் பொழுதைக் குடும்பக் கவலை கொண்டுபோகிறது. தனித்திருந்து எழுத வீட்டில் ஓர் அறை இல்லை. சிரமப்பட்டு எழுதி அனுப்பியதும் பத்திரிகைக் காரியாலயத்திலிருந்து திரும்பி வந்துவிடுகிறது. இவை யாவும் மெய்யான கஷ்டங்களே. ஆயினும், இவற்றுக்கெல்லாம் அடியில் வேறொரு குறை இருப்பதாக நான் கருதுகிறேன். யாரிடம் சொல்வதற்காக எழுதுகிறோம் என்பது மனத்தில் நிச்சயமாகுமுன்பே பேனாவைக் கையில் எடுத்துவிடுகிறோமே, அதுதான் அந்தக் குறை. கேட்பவர் முகம் கண்முன் நிற்குமானால், நேரமின்மையும் வசதியின்மையும் எழுத்தைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுத்துவிட மாட்டா.

இந்த அபிப்பிராயத்துக்கு உதாரணம் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், ஆனி ஆடி மாதங்களில் சாரல் வீசும் செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் என்னும் மூன்று ஊர்களைச் சுற்றியே அது கிடைக்கிறது.

சுமார் முந்நூறு ஆண்டுகளுக்கு முன், செங்கோட்டையில் ஓர் அந்தணக் குடும்பத்தில் பிறந்த ஆவுடையக்காள், விவாகம் என்பது இன்னதென்று அறியாத வயதிலேயே மணம் செய்விக்கப்பெற்று, அறியாத வயதிலேயே கணவனையும் இழந்தவர். அந்நாளில் அத்தகைய பெண்ணுக்குச் சமூகம் விதித்திருந்தது வீட்டின் ஒரு மூலையும், சுபகாரியங்களில் எதிர்ப்படக்கூடாது என்ற கட்டளையும்தான். திருவிசைநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளிடம் உபதேசம் பெற்றுப் பிரம்மஞானத்தை நாடியதற்காக ஊராரின் ஏச்சுக்கு ஆளானார் என்றும், இறுதியில் ஓர் ஆடி அமாவாசையன்று குற்றால அருவியில் ஸ்நானம் செய்து மலைமேல் சென்றவர் திரும்பவேயில்லை என்றும் கர்ணபரம்பரையாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஆதரிக்கும் அரசனோ, அரங்கேற்றும் சபையோ, அச்சிடும் யந்திரமோ அவருக்கு இருக்கவில்லை. எழுத்தாளனுக்கு இன்றியமையாதவை என்று நாம் இன்று எண்ணுகிற சாதனங்களில் ஒன்றுகூட இல்லாத நிலையில், அத்வைத வேதாந்தத்தின் நுட்பங்களை அவர் தமிழில் பாடி வைத்தார்.

அவருக்கு இருந்தது ஒன்றே ஒன்று. கேட்பதற்குப் பெண்கள் இருந்தார்கள். கேட்பவர் யார் என்பதை அவர் எவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தார் என்பதற்குப் பாடல்களின் வடிவங்களே சாக்ஷி. கும்மி, அம்மானை, கண்ணி, பள்ளு, குறவஞ்சி என்று, பெண்களின் நாவிலும் ஊராரின் செவியிலும் ஏற்கெனவே பழகியிருந்த மெட்டுக்களையே அவர் கைக்கொண்டார். யோகவாசிஷ்டம் என்னும் வேதாந்த நூலில் எத்தனையோ கதைகள் இருக்க, கணவனாகிய மன்னனுக்கு முன்பே ஞானமடைந்து, பின்னர் அவனுக்கே குருவாக நின்ற சூடாலை என்னும் அரசியின் கதையை எடுத்துக் கும்மியாகப் பாடினார். பராபரக்கண்ணியில், தீட்டு என்றும் எச்சில் என்றும் பெண்களின் அன்றாட வாழ்வைக் கட்டிவைத்திருந்த ஆசாரங்களையே எடுத்துக்கொண்டு, அவற்றின் அர்த்தமென்ன என்று வினவினார். வேறெவருக்கும் அற்பமாகத் தோன்றக்கூடிய அடுக்களை விஷயங்கள், கேட்கும் பெண்ணின் முகத்தை நினைத்துப் பாடிய அவருக்கு வேதாந்த விசாரத்தின் வாயிலாக அமைந்தன.

அந்தப் பெண்களும் நன்றி மறக்கவில்லை. தாயிடமிருந்து மகளும், அத்தையிடமிருந்து மருமகளும், ஆதரவற்ற ஒரு விதவையிடமிருந்து இன்னொரு விதவையுமாக, தலைமுறை தலைமுறையாக அப்பாடல்களைப் பாடிப் பாடிக் காப்பாற்றினார்கள். பிற்காலத்தில் ஆய்க்குடி வேங்கடராம சாஸ்திரிகள் போன்றோர் அவற்றைத் தேடித் தொகுத்தனர். 2002-ஆம் ஆண்டில் ஞானானந்த நிகேதன் அவற்றைத் திரட்டி நூலாக வெளியிட்டது. அச்சும் ஏடும் செய்யவேண்டிய காரியத்தை அத்தனை காலமும் செவிகளும் நாவுகளுமே செய்து வந்தன.

செல்வர் ஆதரவு பெற்ற கவிஞர்க்கும் இந்த நியதி பொருந்தும். குற்றாலத்துக்கு அருகில் மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர், தம் குற்றாலக் குறவஞ்சிக்காக மதுரை நாயக்க மன்னரிடம் நிலம் மானியமாகப் பெற்றார்; அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் வழங்கியது. ஆயினும் அந்நூலை இன்றளவும் வாழவைத்திருப்பது அந்த மானியமன்று; மலைவளம் கூறும் குறத்தி சிங்கியின் பேச்சிலும், அவளும் அவள் கணவன் சிங்கனும் நிகழ்த்தும் சம்பாஷணையிலும், படிப்பில்லாதவரும் கேட்டு மகிழும்படி அவர் வைத்த உயிர்த்துடிப்பே.

நம் காலத்துக்கு அண்மையில் வந்தால், ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரைக் காண்கிறோம். 1882-ஆம் ஆண்டில் பிறந்து, வக்கீல் பரீக்ஷையில் தேறி, அறநிலையத்துறையில் கமிஷனராகவும் பணியாற்றிய அவர், திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தம் வீட்டு முற்றத்தில், ‘வட்டத்தொட்டி’ என்ற பெயரில், நண்பர்களைக் கூட்டிக் கம்பனை ரசித்து ரசித்துச் சொல்லி வந்தார். குற்றாலத்தில் வந்து குடியேறிய பிறகு, ராஜாஜி, கல்கி போன்ற நண்பர்கள் அவரைத் தேடி அங்கே வந்தார்கள். வர இயலாதவர்களுக்கு அவர் கடிதங்கள் எழுதினார். 1954-இல் அவர் மறைந்த பின்பும் அக்கடிதங்கள் நூலுருப் பெற்று வாசிக்கப்படுகின்றன. ஒருவர் எதிரே அமர்ந்து பேசுவது போன்ற அவருடைய வசன நடை, உண்மையிலேயே ஒருவரிடம் பேசியதனால் விளைந்தது.

அவரிடம் அபிமானம் கொண்டு பழகியவர்களில் ஒருவர் இடைசெவல் விவசாயி கி. ராஜநாராயணன். முப்பது வயதைக் கடந்த பிறகே கதைத்துறையில் முனைந்து இறங்கிய அவர், தம் கரிசல் காட்டு ஜனங்களிடம் பேசும் பேச்சிலேயே எழுதினார். 1991-ஆம் ஆண்டுக்குரிய சாகித்ய அகாதமி பரிசு அவரைத் தேடி வந்தது.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழலாம். கேட்பவரை எண்ணியே எழுதினால், அவருக்கு இனிப்பதை மட்டும் சொல்லும் முகஸ்துதியில் முடியாதா என்று கேட்பார்கள். ஆவுடையக்காளின் வாழ்வே இதற்குச் சமாதானம் கூறுகிறது. தம் பெண்கள் கேட்க விரும்பியதைக் காட்டிலும், அவர்கள் கேட்கத் துணியாததையே அவர் பாடினார். அன்பு வைத்திருப்பவரிடத்தில்தான் கசப்பான உண்மையையும் தயக்கமின்றிச் சொல்ல முடியும். முகமறியாத கூட்டத்தின் கைதட்டலை எதிர்பார்த்து எழுதுகிறவனுக்கே முகஸ்துதி அபாயமாகும்.

ஆகவே, எழுத முயலும் இளைஞர்களுக்கு என் யோசனை இது. உற்சாகம் குன்றிய நாட்களில், உலகத்தாருக்கென்று எழுதுவதை நிறுத்தி, நீங்கள் மதிக்கும் ஒருவருக்கு, அவர் பெயரைத் தாளின் தலைப்பில் இட்டு, ஒரு கடிதமாக அந்த விஷயத்தை எழுதிப் பாருங்கள். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். அவருடைய புருவம் எந்த வாக்கியத்தில் சுருங்கும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த வாக்கியத்தைத் திருத்துங்கள். அரை மணி நேரமே கிடைத்தாலும் அன்றைய எழுத்து நடந்தேறும்.

எழுதாதவர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. உங்கள் வீட்டில், சமையலுக்கும் குழந்தைகளுக்கும் இடையே ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எதையோ எழுதி வைக்கும் பெண்ணோ, உத்தியோகத்திலிருந்து களைத்து வந்து கதை எழுதும் பிள்ளையோ இருக்கக்கூடும். அவர்கள் படித்துக் காட்ட வரும்போது, கையிலுள்ள வேலையைச் சற்று ஒதுக்கிவிட்டு, முழுவதையும் கேளுங்கள். பரிசும் மானியமும் தர நம்மால் இயலாமல் போகலாம்; பொறுமையுள்ள ஒரு செவியைத் தர எல்லோராலும் இயலும்.