ஐந்து நாள் மருந்து

பெனிசிலின் என்றதும் நம் மாணவர்கள் அலெக்சாண்டர் பிளெமிங்கின் பெயரைத் தயங்காமற் கூறுவர். 1928ஆம் ஆண்டு லண்டன் சென் மேரிஸ் வைத்தியசாலையில் அவர் கிருமி வளர்த்து வைத்திருந்த தட்டொன்றிற் பூஞ்சணம் படர்ந்ததும், அதனைச் சூழவிருந்த கிருமிகள் அழிந்து போனதும் பாடநூல்கள்தோறும் காணப்படும் கதை. அக்கதையிற் பிழையில்லை. ஆனால் அது பாதியில் நின்றுவிடுகிறது. தட்டிலே கிருமியைக் கொன்ற அந்தச் சாறு நோயாளியின் கட்டிலை வந்தடையப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேற் சென்றன. மறுபாதிக் கதை ஒக்ஸ்போட் நகரில், சர்வகலாசாலை ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுக்கும் வைத்தியசாலை ஒன்றுக்கும் இடையே நிகழ்ந்தது. அதனையே இன்று வாசகர் முன் வைக்க விரும்புகிறோம்.

ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் ஹவார்ட் புளோரி, அவுஸ்திரேலியாவிற் பிறந்தவர். அவருடன் உழைத்த ஏர்ணஸ்ட் செயின், ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பேர்லினை விட்டு வெளியேறிய யூத இரசாயன அறிஞர். மூன்றாமவர் நோமன் ஹீற்லி. இவரது பெயரைப் பலரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆயினும் இவர் இல்லையேல் இக்கதையே இல்லை என்பது நமது துணிபு.

1940 மே 25ஆந் திகதி, சனிக்கிழமை, எட்டு எலிகளுக்குக் கொடிய கிருமி ஏற்றப்பட்டது. அவற்றுள் நான்கிற்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தார்கள். ஹீற்லி இரவு முழுவதும் கூடுகளின் அருகிலிருந்து பார்த்தார். பொழுது புலருமுன் மருந்து பெறாத நான்கும் இறந்தன. மருந்து பெற்ற நான்கும் உயிருடனிருந்தன. மறுநாள் டன்கேர்க் கரையிலிருந்து பிரித்தானியப் படைகளை மீட்கும் பணி தொடங்கிற்று. ஜேர்மனியர் கடல் கடந்து வந்துவிட்டால் என் செய்வது? ஆராய்ச்சியாளர் தம் மேலங்கிகளின் உட்டுணியிற் பூஞ்சண வித்துக்களைத் தேய்த்து வைத்துக்கொண்டார்கள். ஒருவராவது தப்பிச் சென்றால் வேறொரு நாட்டில் அதனை மீண்டும் வளர்க்கலாமென்பது அவர்கள் எண்ணம்.

எலியைக் காப்பது ஒன்று, மனிதனைக் காப்பது வேறொன்று. மனிதனின் உடல் எலியினதிலும் மூவாயிரம் மடங்கு பெரிது. பூஞ்சணமோ கஞ்சத்தனமாகவே மருந்தைச் சுரந்தது. போர்க்காலத்தில் எந்தத் தொழிற்சாலையும் கைகொடுக்க முன்வரவில்லை. ஆகவே ஆராய்ச்சிக்கூடமே தொழிற்சாலையாயிற்று. நோயாளர் கட்டிலிற் கிடந்தவாறே மலசலங் கழிக்கும் பெட்பான் சட்டிகளிற் பூஞ்சணத்தை வளர்த்துப் பார்த்தார் ஹீற்லி. அவை வாய்ப்பாக அமையவே, அவற்றைப் போன்ற மட்பாண்டங்களைத் தாமே வரைந்து குயவர்களைக் கொண்டு நூற்றுக்கணக்கிற் செய்வித்தார். பால் ஏற்றும் கலன்களும் பழைய குளியற்றொட்டியும் வடிகட்டும் கருவிகளாயின. ஆறு இளம் பெண்கள் நாள்தோறும் சட்டிகளைக் கவனித்தனர். இத்தனை பாட்டிற்கும் கிடைத்தது கரண்டி நுனியில் எடுக்கக்கூடிய கபில நிறத் தூள். அதிலும் பெரும்பகுதி அழுக்கே. உண்மையான மருந்து நூற்றிற் சில பங்குதான்.

இனி வைத்தியசாலைக்கு வருவோம். ரட்கிளிவ் வைத்தியசாலை ஒக்ஸ்போட்டில் 1770இல் திறக்கப்பெற்றது. அங்கே சாள்ஸ் பிளெச்சர் என்னும், முப்பது வயதும் நிரம்பாத வைத்தியரிடம் இப்புதிய மருந்து ஒப்படைக்கப்பட்டது. முதலில் அது மனிதருக்கு நஞ்சாகுமா என அறிய வேண்டும். தீராத புற்றுநோயால் இறக்கும் நிலையிலிருந்த ஒரு பெண்மணி, தமக்கு எந்த நன்மையும் இல்லையென்று தெரிந்தும் இசைந்தார். 1941 ஜனவரியில் அவருக்கு ஊசி ஏற்றியபோது நடுக்கமும் காய்ச்சலும் கண்டன. குற்றம் மருந்திலன்று, அதனோடு கலந்திருந்த அழுக்கிலே என்பதைக் கண்டு, ஆராய்ச்சிக்கூடத்தார் அதனை நீக்கிக் கொடுத்தார்கள்.

அடுத்தவர் அல்பேட் அலெக்சாண்டர் என்னும் 43 வயதுப் பொலீஸ்காரர். றோசா முள் கீறியதால் அவர் முகத்திற் புண் உண்டாயிற்று என நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. குண்டுவீச்சொன்றிற் பட்ட காயமே காரணமென்று அவர் மகள் பிற்காலத்திற் கூறினார். எவ்வாறாயினும், முகமும் தலையும் சீழ்கட்டி, ஒரு கண் அகற்றப்பட்டு, நுரையீரலிலும் நோய் பரவிய நிலையில் அவர் கிடந்தார். அக்காலத்திற் கிடைத்த சல்பா மருந்து பயன்படவில்லை. பெப்ரவரி 12ஆந் திகதி பெனிசிலின் ஏற்றப்பட்டது. ஒரு நாளுக்குள் மாற்றந் தெரிந்தது. சில நாட்களிற் காய்ச்சல் இறங்கிற்று. அவர் உணவை விரும்பி உண்டார். மற்றைக் கண்ணின் வீக்கம் வற்றிற்று.

ஆனால் சிறுநீரகம் இம்மருந்தை உடலில் தங்கவிடுவதில்லை. ஓட்டைக் குடத்தில் நீர் வார்த்தாற்போல, ஏற்றிய சில மணி நேரத்தில் அது சிறுநீரோடு வெளியேறிவிடும். ஆகவே நோயாளியின் சிறுநீர் முழுவதையும் சேகரித்துச் சைக்கிளிற் கொண்டுபோய், ஆராய்ச்சிக்கூடத்தில் அதிலிருந்து மருந்தைப் பிரித்து, மீண்டும் அவருக்கே ஏற்றினார்கள். அப்படிச் செய்தும் ஐந்து நாட்களில், ஏறத்தாழ 4.4 கிராம் செலவான பின்னர், உலகிலிருந்த அம்மருந்து முழுவதும் தீர்ந்துபோயிற்று. நோயாளி சில நாட்கள் தாக்குப்பிடித்தார். பின்னர் நுரையீரலிற் கிருமி மீண்டும் தலைதூக்கிற்று. குணமாகிக்கொண்டிருந்த மனிதர் மருந்தில்லாமையால் நலிந்து செல்வதை வைத்தியரும் தாதியரும் பார்த்திருக்க நேர்ந்தது. மார்ச் 15ஆந் திகதி அவர் இறந்தார்.

அவர்கள் மருந்தில்லாமல் நிறுத்தினார்கள். நம் வீடுகளிலோ காய்ச்சல் விட்ட மறுநாளே மிச்சக் குளிசைகள் அலுமாரிக்குப் போய்விடுகின்றன, அடுத்த முறை அடுத்தவருக்கு உதவுமென்று! குறைந்த அளவிற் கொடுத்தாற் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்று பிளெமிங் 1945ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருக்கிறார். அந்தப் பொலீஸ்காரரைப் பீடித்த இனத்துக் கிருமிகளிற் பெரும்பாலானவை இன்று பழைய பெனிசிலினுக்கு அசைவதில்லை.

போதிய மருந்து கையிலில்லாமல் இனி எந்த நோயாளிக்கும் தொடங்குவதில்லை எனப் புளோரி உறுதிகொண்டார். சிறு உடலுக்குச் சிறிதளவு போதுமாகையால், அதன் பின்னர் பெரும்பாலும் சிறுவர்களையே தெரிந்தெடுத்தார்கள். இடுப்பிற் சத்திரசிகிச்சை செய்த புண்ணாற் கிருமி இரத்தத்திற் கலந்த 15 வயதுப் பையன் பிழைத்தான். சின்னமுத்து கண்டபின் நோய் முற்றிய நாலரை வயதுக் குழந்தை தெளிந்து பேசத் தொடங்கியபின், நோய் முன்னரே அரித்திருந்த குருதிக்குழாய் வெடித்து இறந்தது. சோதித்துப் பார்த்தபோது கிருமியின் சுவடு ஏறத்தாழ மறைந்திருந்தது. மருந்து தன் வேலையைச் செய்திருந்தது என்பதற்கு இதனிலுங் கொடிய சான்று வேண்டுமோ? இவையெல்லாம் 1941 ஓகஸ்டில் ‘லான்செற்’ சஞ்சிகையில் வெளியாயின.

1945இல் நோபெல் பரிசு பிளெமிங், புளோரி, செயின் மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஹீற்லிக்கு ஒன்றுமில்லை. ஒக்ஸ்போட் சர்வகலாசாலை 1990இல், அவருக்கு 79 வயதாகும்போது, மருத்துவத்திற் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. வைத்தியரல்லாத ஒருவருக்கு அச்சர்வகலாசாலை அதற்குமுன் அப்பட்டத்தை அளித்ததேயில்லை.

இதற்கிடையில், 1941 நடுப்பகுதியிற் புளோரியும் ஹீற்லியும் அமெரிக்கா சென்றார்கள். சோளத்திலிருந்து மாப்பொருள் எடுக்கும்போது மிஞ்சும் கழிநீரில் இப்பூஞ்சணம் பன்மடங்கு சுரக்குமென்பது அங்கே தெரியவந்தது. போருக்கஞ்சிப் புளோரி தம் இரு பிள்ளைகளையும் ஏற்கெனவே அந்நாட்டிலுள்ள யேல் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஜோன் புல்ற்றன் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். 1942 மார்ச்சில் அப்பேராசிரியர் நியூ ஹேவன் வைத்தியசாலையில் நோயாளியாகப் படுத்திருந்தார். அங்கேயே ஆன் மில்லர் என்னும் 33 வயது மாதர், கருச்சிதைவின் பின் இரத்தத்திற் கிருமி கலந்து, ஒரு மாதமாகக் காய்ச்சலில் வெந்துகொண்டிருந்தார். இருவரையும் பார்த்தவர் ஒரே வைத்தியர். அவர் புல்ற்றனிடம் கேட்க, புல்ற்றன் கட்டிலிற் கிடந்தவாறே நண்பரின் பெயரைச் சொல்லி முயன்று சிறிது பெனிசிலினை வருவித்தார். மார்ச் 14ஆந் திகதி ஊசி ஏற்றப்பட்டது. 106 பாகையையும் தாண்டிய காய்ச்சல் மறுநாட் காலைக்குள் முற்றாக இறங்கிற்று. இங்கும் சிறுநீரைச் சேகரித்து, மருந்து பிரித்தெடுக்கத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். ஆன் மில்லர் 1999இல், தமது 90ஆவது வயதிற் காலமானார். அவரது காய்ச்சலைக் குறித்து வைத்த அட்டை ஸ்மித்சோனியன் நூதனசாலையைச் சேர்ந்தது.