கல்விக் கடன் கட்ட முடியவில்லையா? ஒளியாதீர்கள், பாங்கிக்குப் போங்கள்!

நெய்வேலியில் பூமிக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. அதை வெட்டி எடுப்பதற்காக 1956-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் ஒரு கார்ப்பரேஷனை ஏற்படுத்தியது. சுரங்கம் வந்தது. அனல் மின் நிலையம் வந்தது. வட்டம் வட்டமாக ஒரு நகரமே எழுந்தது. பல ஊர்களிலிருந்தும் மக்கள் வேலை தேடி வந்து குடியேறினார்கள்.

சுரங்கத்தில் நிரந்தர வேலை பார்க்கும் குடும்பங்கள் அங்கே உண்டு. மந்தாரக்குப்பம், வடக்குத்து பக்கம் குடியிருந்துகொண்டு ஒப்பந்த வேலைக்குப் போகும் குடும்பங்களும் உண்டு. இரண்டு வீட்டிலும் ஆசை ஒன்றுதான்.

"பிள்ளை நம்மைப் போலக் கஷ்டப்படக் கூடாது. நாலு எழுத்துப் படித்து முன்னுக்கு வரவேண்டும்."

கையில் பணம் போதவில்லை. பாங்கியில் கல்விக் கடன் வாங்கினார்கள். மகனோ மகளோ படித்து முடித்தாயிற்று. பட்டம் வந்தது; வேலை வரவில்லை. வேலை கிடைத்தாலும் சென்னையில் சொற்பச் சம்பளம். அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே அது சரியாகப் போய்விடுகிறது. அந்த நேரம் பார்த்து பாங்கியிலிருந்து கடிதம் வருகிறது.

பல வீடுகளில் என்ன செய்கிறார்கள்? கடிதத்தைப் பிரிக்காமல் அலமாரியில் வைக்கிறார்கள். டெலிபோன் மணி அடித்தால் எடுப்பதில்லை. பாங்கி இருக்கும் தெருப்பக்கமே போவதில்லை.

இதுதான் பெரிய தவறு. கல்விக் கடனில் சலுகை கேட்க வழிகள் இருக்கின்றன. ஆனால் போய்க் கேட்பவர்களுக்குத்தான் அவை கிடைக்கும்.

90 நாள் கணக்கு

படிக்கும் காலத்திலும், படிப்பு முடிந்து ஒரு வருடம் வரையிலும் பொதுவாகத் தவணை கட்ட வேண்டியதில்லை. அதன் பிறகு மாதத் தவணை ஆரம்பமாகும்.

தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றுவிட்டால், அந்தக் கடனை "வாராக்கடன்" என்று பாங்கி தன் கணக்கில் எழுதிவிடும். சிபில் போன்ற கடன் தகவல் கம்பெனிகளுக்கும் செய்தி போய்விடும். கல்விக் கடனில் பிள்ளையோடு தகப்பனாரோ தாயாரோ சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் அல்லவா? அவர்கள் பெயரும் கெடும். நாளைக்கு வீடு கட்டக் கடன் கேட்டாலும், தொழில் தொடங்கக் கடன் கேட்டாலும் இந்தப் பழைய பாக்கி முன்னால் வந்து நிற்கும்.

ஆகவே, முதல் தவணை தவறும்போதே, முடிந்தால் அதற்கும் முன்பே, பாங்கிக்குப் போகவேண்டும்.

கடன் எப்படி வளருகிறது?

ஒரு கணக்குப் பார்ப்போம். வருடத்துக்கு 1 லட்சம் வீதம் 4 வருடத்தில் 4 லட்ச ரூபாய் கடன். வட்டி 100-க்கு 10 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் சேர்ந்திருக்கும். ஆக மொத்தம் 5 லட்சத்து 40 ஆயிரம்.

இதை 5 வருடத்தில் அடைப்பதானால் மாதம் சுமார் 11,470 ரூபாய் கட்டவேண்டும். புதிதாக வேலைக்குப் போன பிள்ளையால் முடியுமா? 15 வருடத்தில் அடைப்பதானால் மாதம் சுமார் 5,800 ரூபாய் போதும்.

ஆனால் ஒன்று. 5 வருடத்தில் அடைத்தால் மொத்தம் கட்டுவது சுமார் 6 லட்சத்து 88 ஆயிரம். 15 வருடம் என்றால் சுமார் 10 லட்சத்து 44 ஆயிரம். காலம் நீண்டால் மாதச் சுமை குறையும். மொத்தச் சுமை ஏறும். இதைத் தெரிந்துகொண்டுதான் கேட்கவேண்டும். பின்னால் சம்பளம் உயரும்போது கூடுதலாகக் கட்டி, கடனைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

மானேஜரிடம் என்ன கேட்கலாம்?

இந்திய பாங்கிகள் சங்கம் கல்விக் கடனுக்கு ஒரு மாதிரித் திட்டம் வகுத்திருக்கிறது. பாங்கிகள் பெரும்பாலும் அதை ஒட்டியே நடக்கின்றன. அதன்படி கேட்கக்கூடியவை இவை:

ஒன்று: தவணைக் காலத்தை நீட்டித் தரும்படி கேட்கலாம். 15 வருடம் வரை அதற்கு இடம் உண்டு.

இரண்டு: வேலை இல்லாவிட்டாலும், வேலை போய்விட்டாலும், சம்பளம் மிகக் குறைவாக இருந்தாலும், கொஞ்ச காலத்துக்குத் தவணையை நிறுத்தி வைக்கும்படி கேட்கலாம். இந்தக் காலத்துக்கும் வட்டி ஓடும் என்பதை மறக்கக் கூடாது.

மூன்று: படிக்கட்டுத் தவணை. ஆரம்பத்தில் குறைவாகவும், சம்பளம் ஏற ஏறக் கூடுதலாகவும் கட்டுவது.

நான்கு: பிள்ளை மேல்படிப்புக்குப் போனால், அந்தப் படிப்பு முடியும் வரை தவணையைத் தள்ளிவைக்கக் கேட்கலாம்.

இவற்றைத் தருவதா இல்லையா என்பது பாங்கியின் முடிவு. வாயால் கேட்டால் போதாது. மனுவாக எழுதிக் கொடுக்கவேண்டும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கடன் உத்தரவு, மதிப்பெண் பட்டியல், சம்பளச் சீட்டு, சம்பளம் இல்லையென்றால் வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்த அட்டை ஆகியவற்றின் நகலையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. 500 ரூபாயோ 1,000 ரூபாயோ, முடிந்ததை அன்றைக்கே கட்டிவிட்டுப் பேசினால் பேச்சுக்கு மதிப்பு கூடும்.

வட்டிச் சலுகை வந்ததா?

பெற்றோரின் ஆண்டு வருமானம் 4½ லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால், தொழிற்கல்வி படிக்கும் பிள்ளைகளுக்குத் தவணை தொடங்கும் வரையுள்ள வட்டியை மத்திய சர்க்காரே கட்டும் திட்டம் 2009-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. அதற்கு வருமானச் சான்றிதழ் பாங்கிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். திட்டத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்ட கடன்தானா, சலுகைப் பணம் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாங்கியில் கேட்டுப் பாருங்கள்.

நிரந்தர வேலையில் இருந்து வருமான வரி கட்டுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. பிள்ளைக்காகத் தம் பெயரில் வாங்கிய கல்விக் கடனுக்குக் கட்டும் வட்டியை, பழைய வரி முறையில் 8 ஆண்டு வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

மூன்று வட்டிக்குப் போகாதீர்கள்

பாங்கிக்குப் பயந்து வட்டிக்கடைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். "மூன்று வட்டி" என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய். வருடத்துக்கு 36! 10 வட்டிக் கடனை அடைக்க 36 வட்டிக்குக் கடன் வாங்கலாமா? கந்து வட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது.

வசூல்காரர் வந்தால்

பாரத ஸ்டேட் பாங்கி, தமிழ்நாட்டில் நிலுவையில் நின்ற கல்விக் கடன்களை ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்தது. அதற்குப் பலத்த எதிர்ப்புக் கிளம்பியது. 2016-ஆம் ஆண்டில், கல்விக் கடன் பட்டிருந்த ஒரு பொறியியல் பட்டதாரி மதுரையில் உயிரை மாய்த்துக்கொண்டார். தமிழ்நாடே கலங்கியது.

எந்தக் கடனும் ஒரு பிள்ளையின் உயிருக்கு ஈடாகாது. வேலை கிடைக்காமல் தவணை கட்ட முடியாமற் போவது குற்றமல்ல. அது சிவில் விவகாரம். வீட்டில் பிள்ளை சோர்ந்து, பேச்சுக் குறைந்து இருந்தால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும்.

வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது, பலர் முன்னிலையில் அவமானப்படுத்தக் கூடாது. இது ரிசர்வ் பாங்கி 2022-இல் போட்ட உத்தரவு. மீறினால் முதலில் பாங்கிக்கே எழுத்து மூலம் புகார் கொடுக்கவேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றாலும், பதில் திருப்தியில்லையென்றாலும், ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது.

மக்கள் நீதிமன்றம்

கடன் ஏற்கெனவே வாராக்கடன் ஆகிவிட்டதா? அப்போதும் வழி உண்டு. ஒரு தொகை பேசி, அதைக் கட்டிக் கணக்கை முடித்துக்கொள்ளும் சமரசத்துக்குப் பாங்கிகள் இணங்குவது உண்டு. மக்கள் நீதிமன்றத்திலும் இப்படிப் பேசி முடிக்கலாம். அங்கே கோர்ட்டுக் கட்டணம் கிடையாது. இரு தரப்பும் சம்மதித்தால்தான் தீர்ப்பு. தீர்ப்பான பிறகு அப்பீலும் கிடையாது.

நெய்வேலிக்காரர்கள் இதற்குக் கடலூரிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இலவசச் சட்ட உதவிக்கான டெலிபோன் எண் 15100.

ஆனால் சமரசத்துக்கும் ஒரு விலை உண்டு. "முழுதும் கட்டாமல் பேசி முடித்தது" என்று கடன் ஏட்டில் பதிவாகும். சில காலம் புதுக் கடன் கிடைப்பது கடினம். முடித்த பிறகு "பாக்கி இல்லை" என்ற கடிதத்தை மறக்காமல் வாங்கவேண்டும்.

தள்ளுபடி வருமா?

"தேர்தல் வந்தால் தள்ளுபடி வரும், கட்டாதே" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உத்தரவு கைக்கு வரும் வரை அது வெறும் பேச்சு. பேச்சை நம்பிக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

ஆஸ்திரேலியாவில் 1989 முதல் ஒரு முறை இருக்கிறது. படித்தவரின் வருமானம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் கல்விக் கடன் பிடித்தம். அதுவும் வரியோடு சேர்ந்து தானாக நடக்கும். நம் நாட்டில் அப்படித் தானாக எதுவும் நடப்பதில்லை. சம்பளம் இல்லை என்பதை நாம்தான் போய்ச் சொல்லவேண்டும்.

கடனை அடைக்க 15 வருடம் வரை அவகாசம் கேட்கலாம். கேட்கப் போவதற்கு உள்ள அவகாசம் 90 நாள்தான். அலமாரியில் கிடக்கும் கடிதத்தை இன்றைக்கே பிரித்துப் பாருங்கள். நாளைக் காலை பிள்ளையையும் அழைத்துக்கொண்டு பாங்கிக்குப் போங்கள்.