ஜன்னலை மூடினால் குளிர் போகும்... ஈரம் போகுமா?

ஊட்டியில் ஒரு தை மாதக் காலை. படுக்கையறை ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் தண்ணீர் கோடு கோடாக வழிகிறது. குழந்தைகள் அதில் விரலால் பெயர் எழுதி விளையாடுகிறார்கள். இரவு மழை பெய்யவில்லை, கூரையும் ஒழுகவில்லை. பிறகு இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

வீட்டுக்குள் தூங்கியவர்களிடமிருந்துதான். ஒருவர் ஓர் இரவில் மூச்சிலும் வியர்வையிலும் ஒரு பெரிய டம்ளர் அளவுக்குத் தண்ணீரைக் காற்றில் விடுகிறார். நான்கு பேர் படுத்தால் நான்கு டம்ளர். குளிப்பது, சாம்பார் கொதிப்பது எல்லாம் தனிக் கணக்கு. சமையல் எரிவாயு எரியும்போதே நீராவி உண்டாகும் என்பது பலருக்கும் புதிதாக இருக்கலாம். ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். 14.2 கிலோ சிலிண்டர் தீர்வதற்குள் 20 லிட்டருக்கும் மேல்! வெயில் இல்லையென்று ஹாலில் கொடி கட்டித் துணி காயப்போட்டால் அந்த ஈரமும் சேர்ந்துகொள்ளும்.

குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் இறுக மூடும்போது இவ்வளவு ஈரமும் உள்ளேயே தங்குகிறது. குளிர்ந்த சுவரிலும் கண்ணாடியிலும் பட்டதும் தண்ணீராகிறது. வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் பீரோவின் முதுகுப்புறத்தைப் பார்த்தால் தெரியும், கரும்புள்ளிகளாகப் பூஞ்சை பூத்திருக்கும். உள்ளே இருக்கும் பட்டுப்புடவையில் முக்கு நாற்றம் அடிக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இருமல் விடாது. அந்தப் பூஞ்சையின் மேலேயே பெயின்ட் அடித்து மறைப்பது வீண் செலவு, அது மறுபடியும் வரும்.

'வெளியே பனி கொட்டுகிறது, ஜன்னலைத் திறந்தால் ஈரம் இன்னும் கூடாதா?' என்று தோன்றும். நியாயமான சந்தேகம்தான். ஆனால், குளிர்ந்த காற்றால் நிறைய ஈரத்தைச் சுமக்க முடியாது. 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 9 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம் தாங்கும். அதனால், வெளிக்காற்று முழுக்க ஈரமாகவே இருந்தாலும், அது உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஈரப்பதம் பாதிக்குச் சற்று மேலே நின்றுவிடும். உடம்புக்கு இதமான 40 முதல் 60 சதவிகிதம் என்ற அளவும் அதுதான்.

எனவே, மூடுபனி விலகியதும் எதிரெதிரே உள்ள இரண்டு ஜன்னல்களைப் பத்து நிமிடம் முழுதாகத் திறந்துவிடுங்கள். சமைத்த பிறகு, குளித்த பிறகு மறுபடியும். காற்று மாறிவிடும், சுவரும் தரையும் தம் சூட்டை அதற்குள் இழந்துவிடாது. நாள் முழுக்க ஓரங்குலம் திறந்து வைப்பதைவிட இது மேல். ஜெர்மனிக்காரர்கள் கடுங்குளிரிலும் தினமும் இப்படிச் செய்கிறார்கள். சில வாடகை ஒப்பந்தங்களில்கூட இதை எழுதி வைப்பார்கள்! பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி நிறுத்துங்கள்.

சென்னையிலும் தஞ்சையிலும் கதை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிக்காற்றே வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். அப்போது திறந்து வைத்துப் பெரிய பலன் இல்லை, மின்விசிறியைச் சுழலவிடலாம். சமையலறையிலும் குளியலறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் போடலாம். மழை விட்ட பிறகு, வெயில் ஏறிய 11 மணியிலிருந்து மாலை 4 மணிவரை திறப்பதுதான் சரியான நேரம்.

கணப்பு எனும் எமன்

ஈரம் துணியைக் கெடுக்கும், சுவரைக் கெடுக்கும். மூடிய அறைக்குள் கரி நெருப்பு ஆளையே கொன்றுவிடும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும், குளிருக்குக் கணப்புச் சட்டியையோ, இறைச்சி சுட்ட கரி அடுப்பையோ அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவர்களில் சுற்றுலா வந்தவர்களும் உண்டு, அங்கேயே வேலை பார்ப்பவர்களும் உண்டு.

'புகை அடங்கிவிட்டது, இனி பயமில்லை' என்று நினைப்பதுதான் ஏமாற்று. தணல் செக்கச்செவேலெனக் கனலும்போதும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது பிடித்துக்கொள்ளும். தூங்குபவருக்குத் தெரியவே தெரியாது. விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வரும். பித்தம் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். ஒரே அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் யோசிக்கவே வேண்டாம். கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, 108-ஐ அழையுங்கள்.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதுமே என்று கரியை உள்ளே கொண்டுபோக வேண்டாம். கம்பளியும், கால்மாட்டில் ஒரு வெந்நீர்ப் பையும் போதும். காஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். கீசரும் சிலிண்டரும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் இருக்கட்டும். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். இப்போது உள்ளேதான் மாட்டியிருக்கிறது என்றால், இடம் மாற்றும்வரை விறகடுப்பிலோ ஸ்டவ்விலோ வெந்நீர் போட்டு வாளியில் எடுத்துப் போய்க் குளியுங்கள்.