தாதியர் பணியும் நோயாளர் நலனும்

மருத்துவம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுபவர் வைத்தியரே. ஆயினும் நம் முன்னோர் மருத்துவத்தை வைத்தியர் ஒருவரது தொழிலாகக் கொண்டாரல்லர். திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன் ஆகிய நான்கையும் மருத்துவத்தின் கூறுகளாக எண்ணி நிறைவுறுகின்றது. வடமொழியிலுள்ள சரக சங்கிதையும் இந்நான்கினையே கூறி, அருகிருப்பவனுக்குப் பணிவிடை முறையறிதல், செயற்றிறன், நோயாளியிடத்து அன்பு, தூய்மை என்னும் நான்கு குணங்களை விதிக்கின்றது. கட்டிலின் கால்கள் நான்கனுள் ஒன்று குறுகினும் அது நிலைபெறாது. நான்காவது கூறாகிய தாதியர் பணி இன்று எதிர்நோக்கும் இடர்கள் யாவை, அவற்றால் நோயாளிக்கு நேர்வது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புறத்தே நின்று காண்போர், மருந்து கொடுத்தல், ஊசி ஏற்றுதல், புண்ணுக்கு மருந்து கட்டுதல், படுக்கையைச் செம்மை செய்தல் ஆகியனவே தாதியின் தொழில் என எண்ணுவர். இவை யாவும் அவர்தம் கடமைகளே. ஆனால் இவற்றினூடே பிறர் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத கடமை ஒன்று உண்டு. அதுவே கண்காணிப்பு. வயிற்றிற் சத்திரசிகிச்சை பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். உள்ளே குருதி கசியத் தொடங்கினால் உடல் முதலில் அவ்விழப்பை ஈடுசெய்ய முயலும். இருதயம் விரைந்து துடிக்கும், தோலிலுள்ள குருதிக் குழாய்கள் சுருங்கும், கைகால்கள் குளிரும், சிறுநீர் குறையும், நோயாளி காரணம் புரியாது அமைதியிழப்பார். குருதி அமுக்கம் பெரும்பாலும் பின்னரே வீழும். அது வீழ்ந்தபின் உயிரைக் காப்பதற்குக் கிடைக்கும் காலம் சிறிது. வைத்தியர் விடுதிக்கு வந்து செல்பவர். இரவும் பகலும் அங்கே முறைமாறி இருப்பவர் தாதியரே. ஆதலின் முன்னறிகுறிகளைக் காணும் வாய்ப்பும் பொறுப்பும் அவர்களுடையன. அதற்கு அறிவு வேண்டும். அறிவோடு நேரமும் வேண்டும்.

அன்பும் தியாகமும் இருந்தாற் போதாதோ எனச் சிலர் வினவுவர். நவீன தாதித் தொழிலுக்கு வித்திட்ட புளோரன்ஸ் நைற்றிங்கேலின் வரலாறே இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது. கிரைமியப் போர்க்காலத்தில், 1854ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், 38 பெண்களுடன் அவர் ஸ்கூட்டாரியிலிருந்த பிரித்தானியப் படை வைத்தியசாலையை அடைந்தார். அவர்கள் ஓய்வின்றி உழைத்தனர். எனினும் அக்குளிர்காலத்தில் மரணம் குறையவில்லை, மாறாகப் பெருகியது. 1855 பெப்ரவரியில் அனுமதிக்கப்பட்டோருள் நூற்றுக்கு 42 பேரளவில் இறந்தனர். மார்ச்சு மாதத்தில் வந்த சுகாதார ஆணைக்குழு கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவாக்கிக் காற்றோட்டத்துக்கும் வழிசெய்தது. சில மாதங்களுள் மரணம் நூற்றுக்கு 2 என்னும் அளவுக்கு இறங்கிற்று. நாடு திரும்பிய நைற்றிங்கேல் இத்தொகைகளை ஆராய்ந்து, 1858இல் வரைபடங்களாகவும் வெளியிட்டு, வைத்தியசாலைச் சீர்திருத்தத்துக்காக வாழ்நாள் முழுவதும் போராடினார். நிலைமைகள் சீர்கெட்டவிடத்துத் தியாகம் மாத்திரம் நோயாளியைக் காவாது என்பதே ஸ்கூட்டாரி புகட்டும் பாடம்.

அன்று கால்வாய் செய்த கேட்டினை இன்று ஆட்பற்றாக்குறை செய்கின்றது எனலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள 168 வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சை பெற்ற 2,32,000க்கு மேற்பட்டோரின் பதிவுகளை லிண்டா எய்க்கன் என்பாரும் துணைவரும் ஆராய்ந்து, முடிவுகளை 2002இல் வெளியிட்டனர். ஒரு தாதியின் பொறுப்பில் நோயாளர் ஒருவர் கூடுந்தோறும், 30 நாட்களுள் மரணம் நேரும் வாய்ப்பு விகிதம் 7 வீதம் கூடியதை அவர்கள் கண்டனர். தாதி ஒருவருக்கு 4 நோயாளர் என்னும் நிலை 8 ஆக மாறின் அவ்வாய்ப்பு 31 வீதம் மிகும். இத்தகைய ஆராய்ச்சி தொடர்பைக் காட்டுமேயன்றி, அதுவே காரணம் என முற்றாக நிறுவாது என்பது உண்மையே. ஆயினும் ஐரோப்பாவின் 9 நாடுகளில் நிகழ்ந்து 2014இல் வெளிவந்த ஆராய்ச்சியும் அதே 7 வீதத்தைக் காட்டியமை கருதற்பாலது.

ஒரு நோயாளர் கூடுவதால் மற்றையோர்க்குத் தீங்கு விளைவது எவ்வாறு? நேரம் போதாத தாதி எதையாவது கைவிட்டேயாகல் வேண்டும். மருந்து கொடுத்தமைக்குப் பதிவேட்டிற் கையொப்பம் இடவேண்டும். ஆதலின் அதனைக் கைவிடல் அரிது. நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தல், கைகொடுத்து நடக்கச் செய்தல், உணவூட்டுதல், வீடு செல்பவருக்கு மருந்துமுறையை விளக்குதல், அஞ்சியிருப்பவரோடு இரண்டு வார்த்தை பேசுதல் முதலியனவே நழுவிப் போகின்றன. பியற்றிஸ் கலிஷ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2006இல் வெளியிட்ட ஆய்விலே, தாதியர் வாய்மொழியாகக் கூறிய விடுபட்ட பணிகளின் பட்டியல் ஏறக்குறைய இதுவே.

இவை சிறியன எனத் தள்ளத்தக்கனவல்ல. அசையமாட்டாத முதியவர் ஒருவர் ஒரே பக்கமாகப் படுத்திருப்பின், எலும்பு துருத்திய இடுப்பிலும் குதிகாலிலும் தோல் நசுங்குகின்றது. நுண்ணிய குருதிக் குழாய்கள் அடைபடுகின்றன. அவ்விடத்துத் தசை இறந்து படுக்கைப்புண் உண்டாகின்றது. டொரீன் நோர்ட்டன் என்னும் ஆங்கிலத் தாதி இதனை ஆராய்ந்து, உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் ஆற்றல், மலசலக் கட்டுப்பாடு என்னும் ஐந்தினையும் புள்ளியிட்டு, எவருக்குப் புண் வரக்கூடும் என முன்னறியும் முறையொன்றை 1962இல் வெளியிட்டார். பூசும் மருந்துகளினும் அழுத்தத்தை நீக்குதலே பயன்தரும் என்பதும் அவர் வற்புறுத்திய உண்மை. புரட்டிவிட ஆளில்லாத விடுதியில் அப்புள்ளிகளாற் பயனென்னை?

ஆட்குறைவோடு சேர்ந்து வருவது களைப்பு. 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து கடமை புரியும் தாதியர் தவறிழைக்கும் வாய்ப்பு மும்மடங்காகின்றது. ஒத்த பெயருடைய இரு மருந்துகளையும், புள்ளியிட்டு எழுதிய அளவுகளையும் பிரித்தறிய வேண்டிய கண்கள் அவை. தவறு நேர்ந்தபின் தாதியைத் தண்டிப்போர், அவர் எத்தனையாவது மணி நேரத்தில் நின்றார் என்பதையும் வினவுதல் நீதியாகும்.

கண்டதைச் சொல்லவும், சொன்னது செவியேறவும் வேண்டும். மனநோய் வைத்தியரான லெனாட் ஸ்ரைன் 1967இல் எழுதிய கட்டுரையொன்றில், தாதி தாமறிந்த யோசனையைத் தமதென்று காட்டாது, வைத்தியரே நினைத்ததுபோலத் தோன்றுமாறு குறிப்பாற் கூறும் வழக்கத்தை ஒரு விளையாட்டாக உருவகித்தார். அவ்விளையாட்டிற் பணயமாவது நோயாளியின் உயிர். நோயாளியின் நிலை சரியில்லை என நள்ளிரவில் அறிவிக்கும் தாதியைக் கடிந்துகொள்ளும் வைத்தியர், அடுத்த முறை அவர் தயங்குவதற்கும் காரணராகின்றார்.

இனித் தாதியரின் மனநிலையை நோக்குவோம். வேதனையையும் மரணத்தையும் நாள்தோறும் காண்பவர் அவற்றால் தாக்குறாதிருத்தல் இயலாது. இலண்டன் வைத்தியசாலையொன்றை ஆராய்ந்த இசபெல் மென்சிஸ் 1960இல் வெளியிட்ட கட்டுரையில், அங்கு பயில்வோருள் மூன்றிலொரு பங்கினர் அளவிற் பயிற்சியை முடிக்காது விலகினர் எனக் குறித்தார். துயரிலிருந்து தாதியரைக் காப்பதற்கென வைத்தியசாலை தன்னையறியாது சில வழக்கங்களை வகுத்திருந்தது. ஒரு தாதி பலருக்குச் சிற்சில வேலைகளையே செய்வார். நோயாளி பெயரால் அன்றிக் கட்டில் இலக்கத்தாலும் நோயுற்ற உறுப்பாலும் சுட்டப்படுவார். ஆனால் இவ்வழக்கங்கள் துயரத்தைத் துடைக்கவில்லை. தாதித் தொழிலை நாடி வந்தோர் எதிர்பார்த்த மனநிறைவையே பறித்தன. செய்யவேண்டியது யாதென அறிந்தும் நிறுவனத்தின் தடைகளால் அதனைச் செய்யமாட்டாது வருந்தும் நிலையை அன்ட்ரூ ஜேம்ற்றன் 1984இல் தனியாகப் பெயரிட்டு விளக்கினார். அதனை அறத்துயர் என நாம் வழங்கலாம். ஊதியக் குறைவினும் இத்துயரே நல்ல தாதியரின் உள்ளத்தை ஆழமாக அரிக்கின்றது.

பரிகாரம் இல்லையோ எனின், உண்டு. கலிபோர்ணியா 1999இல் இயற்றி 2004இல் நடைமுறைப்படுத்திய சட்டம், தாதி ஒருவருக்கு உரிய நோயாளரின் உச்ச எண்ணிக்கையை விடுதிதோறும் வரையறுத்தது. அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து மாநிலம் 2016இல் தெரிந்தெடுத்த வைத்தியசாலைகளிற் சராசரியாகப் பகலில் 4, இரவில் 7 நோயாளருக்கு ஒரு தாதி என விதித்தது. 2021இல் வெளியான ஆய்வு, அவ்வைத்தியசாலைகளில் மரணமும், நோயாளர் மீண்டும் அனுமதிக்கப்படுதலும், தங்கும் நாட்களும் குறைந்தமையையும், மேலதிகத் தாதியருக்கான செலவினும் இருமடங்குக்கு மேல் மிச்சமானமையையும் எடுத்துக்காட்டிற்று.

ஆனால் சட்டம் தாதியரைப் படைக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கை, 2018இல் உலகில் 59 இலட்சம் தாதியர் குறைவு எனவும், அக்குறைவில் 89 வீதம் வருமானம் குறைந்த நாடுகளையும் கீழ்நடுத்தர வருமான நாடுகளையும் சார்ந்தது எனவும் கணித்தது. வறிய நாடு பயிற்றுவித்தவரைச் செல்வ நாடு அழைத்துக்கொள்கின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்து வைத்தியரும் தாதியரும் நம் நாட்டை விட்டு அகன்றமையை நாமே கண்டோம். அவர்களைக் குறைகூறுவதாற் பயனில்லை. தகுந்த ஊதியம், பாதுகாப்பான கடமை நேரம், மேற்கல்விக்கு வாய்ப்பு, கருத்துக்கு மதிப்பு ஆகியன உள்ளவிடத்தே அவர் நிலைத்திருப்பர்.

ஆகவே, தாதியர் தம் குறைகளை எடுத்துரைக்கும்போது, அதனை ஒரு தொழிலாளரின் சுயநலக் கோரிக்கையென ஒதுக்குதல் தகாது. அவர்தம் நேரம் நோயாளியின் நேரம். அவர்தம் களைப்பு நோயாளியின் ஆபத்து. இக்கல்லூரியினின்றும் நாளை வைத்தியராகவும் நிருவாகிகளாகவும் செல்லவிருக்கும் மாணவர் இதனை இப்பொழுதே உளங்கொள்வாராக. தாதித் தொழில் பெண்களுக்கே உரியதெனக் கருதாது, அதனைத் தெரிந்தெடுக்க விரும்பும் மாணவனை ஆசிரியரும் பெற்றோரும் ஊக்குவிப்பாராக. வைத்தியசாலைகளில் நோயாளர் நலன் பேணும் சங்கங்களிற் பணிபுரியும் பழைய மாணவர், புதிய கட்டிடத்தையும் இயந்திரத்தையும் பற்றி வினவுமுன், இன்றிரவு அவ்விடுதியில் எத்தனை நோயாளருக்கு எத்தனை தாதியர் என வினவுவாராக. அவ்வினாவுக்கு நல்ல விடை கிடைக்கும் நாளிலேயே மருத்துவத்தின் நான்காவது கூறு தன் நிலையை எய்தும்.