தண்ணீருக்குள் ‘தம்’ பிடிக்கிறீர்களா?

கோடை விடுமுறை விட்டால் போதும், கிணற்றிலும் நீச்சல் குளத்திலும் இந்தப் போட்டி தொடங்கிவிடும். தண்ணீருக்குள் யார் அதிக நேரம் தம் பிடிப்பது? குதிப்பதற்கு முன் சிலர் ‘புஸ் புஸ்’ என்று இருபது தடவை வேகவேகமாக மூச்சு இழுத்து விடுவார்கள். ஆக்சிஜனை நிரப்பிக்கொள்கிறார்களாம்! உயிருக்கு உலை வைப்பதே அந்தப் பழக்கம்தான்.

நாம் தூங்கும்போதும் மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்வது மூளையின் அடியில் இருக்கும் முகுளம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு. மாடிப்படி ஏறினால் அது கூடும். எதைப் பார்த்து முகுளம் இதை முடிவு செய்கிறது? ‘ஆக்சிஜன் குறைவதைப் பார்த்து’ என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மையில் அது முதலில் கவனிப்பது கார்பன் டை ஆக்சைடை. ரத்தத்தில் அது கொஞ்சம் கூடினாலே அமிலத்தன்மை ஏறும். உடனே ‘மூச்சு விடு’ என்று உத்தரவு பறக்கும். ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரு விஞ்ஞானிகள் 1905-லேயே இதைக் காட்டிவிட்டார்கள்.

ஆக்சிஜனுக்கும் காவல் உண்டு. கழுத்து ரத்தக்குழாயை ஒட்டி, அரிசி மணி அளவில் ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் வேலையைக் கண்டறிந்த பெல்ஜியத்தின் ஹேமன்ஸுக்கு 1938-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், ஆக்சிஜன் நன்றாகக் குறைந்த பிறகுதான் இந்தக் காவலாளி உரக்கக் குரல் கொடுப்பார்.

இப்போது அந்த ‘புஸ் புஸ்’ஸுக்கு வருவோம். சாதாரண மூச்சிலேயே ரத்தத்தின் ஹீமோகுளோபின் கிட்டத்தட்ட முழுக்க ஆக்சிஜனால் நிரம்பியிருக்கிறது. வேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கூடுதலாகச் சேர்வது சொற்பம். வெளியேறுவதோ கார்பன் டை ஆக்சைடு. அதாவது, அபாயச் சங்கை நாமே கழற்றி வைத்துவிட்டுக் குதிக்கிறோம். உள்ளே ஆக்சிஜன் கரைந்துகொண்டே போகும். மூச்சு முட்டும் உணர்வோ வராது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பும். கை கால் உதைக்காமல், சத்தமும் இல்லாமல் நடப்பதால், கரையில் இருப்பவர்கள் ‘இன்னும் தம் பிடிக்கிறான்’ என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படிப் போயிருக்கிறார்கள்.

எனவே, தம் பிடிக்கும் போட்டியே வேண்டாம் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தனியாகக் குளிக்க விடாதீர்கள். தண்ணீருக்குள் யாராவது அசைவில்லாமல் இருந்தால், விளையாட்டு என்று காத்திருக்காமல் உடனே மேலே தூக்குங்கள். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். அதே நேரத்தில் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.