பின்னுக்கு எடுக்கும் 18 மணித்தியாலம்

பின்னுக்கு எடுக்கும்போது ஸ்டியரிங்கை வலப்பக்கம் சுற்றினால் ட்ரெய்லரின் பின்புறம் இடப்பக்கம் போகும். வகுப்பில் இதைக் கேட்டுத் தலையாட்டாத மாணவர் இல்லை. 53 அடி ட்ரெய்லரைக் கொளுவி, செம்மஞ்சள் கூம்புகளுக்கு நடுவே பின்னுக்கு எடுக்கச் சொன்ன பிறகுதான் கையும் மூளையும் சண்டை பிடிக்கத் தொடங்கும். இருபது வருடம் கார் ஓடியவருக்கு இன்னும் கஷ்டம். கைக்கு ஏறிய பழக்கத்தை அவர் முதலில் மறக்கவேண்டும்.

ட்ரெய்லர் உடனே சொல் கேட்காது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பொறுமை இழந்த மாணவர் இன்னும் கொஞ்சம் சுற்றுவார். அதற்குள் ட்ரெய்லர் திரும்பத் தொடங்கியிருக்கும். பிறகு நிறுத்துவது கடினம். ஒரு பக்கக் கண்ணாடியில் ட்ரெய்லரின் சுவர் மட்டும் தெரியும், மற்றதில் ட்ரெய்லரே இராது. அப்படியே தொடர்ந்தால் ட்ரெய்லரின் மூலை ட்ரக்கின் முதுகில் வந்து இடிக்கும். இதற்கு மருந்து ஒன்றுதான்: நிறுத்து, முன்னுக்குப் போய் நேராக்கு, திரும்ப எடு. பழைய சாரதிகளும் இதைத்தான் செய்கிறார்கள். புதியவர்களோ யாராவது பார்த்துச் சிரிப்பார்களோ என்று அதைத் தவிர்க்கிறார்கள்.

இன்னொன்று, இறங்கிப் பார்ப்பது. கனடாவில் 2018 மே முதல் புதிய கார்களில் பின்கமரா கட்டாயம். கனரகப் பாரவூர்திகளுக்கு அந்த விதி இல்லை. ட்ரெய்லருக்கு நேர் பின்னால் நிற்கும் ஒருவரை எந்தக் கண்ணாடியும் காட்டாது. எனவே அவசரச் சமிக்ஞை விளக்குகளைப் போட்டு, வானொலியை நிறுத்தி, யன்னலை இறக்கி, ஹோர்ன் அடித்துவிட்டு மெல்ல எடுக்கவேண்டும். சந்தேகம் வந்த கணத்தில் நிறுத்தி, பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி, ட்ரெய்லரைச் சுற்றிவந்து பார்க்கவேண்டும். மழையோ பனியோ அதற்கு விலக்கு அல்ல.

இவ்வளவையும் பழக நேரம் வேண்டும். ஒன்ராறியோ மாகாணம் 2017 ஜூலை 1 முதல் ஏ வகுப்பு அனுமதிப்பத்திரத்துக்குக் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. வகுப்பறைக்கு 36.5, வண்டியைப் பரிசோதிக்கவும் கொளுவவும் கழற்றவும் பழகும் யார்டுக்கு 17, வண்டிக்குள் 50. இந்த 50இல் 32 மணித்தியாலம் வீதியில் ஓடுவதற்கு. மிச்சம் 18 மணித்தியாலம் வீதிக்கு வெளியே வண்டியை நகர்த்திப் பழகுவதற்கு. அதன் உயிர்நாடி பின்னுக்கு எடுப்பதுதான்.

மற்ற மாகாணங்கள் விழித்துக்கொள்ள ஒரு பெருந்துயர் வேண்டியிருந்தது. 2018 ஏப்ரல் 6ஆம் திகதி சஸ்காச்சுவானில் ஹம்போல்ட் புரோங்கோஸ் ஹொக்கி அணியின் பேருந்து ஒரு பாரவூர்தியுடன் மோதி 16 பேர் இறந்தார்கள். நிறுத்தற் குறியைத் தாண்டி வந்த அந்தப் பாரவூர்திச் சாரதி, இரண்டு வாரம் முதலாளியுடன் ஓடிப் பழகிவிட்டுத் தனியாக விடப்பட்டவர். அதன் பிறகே 2020இல் சாரதிப் பயிற்சிக்கென்று நாடு முழுவதற்குமான தேசியத் தரம் 16 வந்தது. அதுவும் 103.5 மணித்தியாலத்தையே அடித்தளமாக வைத்தது.

சட்டம் இருக்கிறது, ஆனால் மணித்தியாலங்கள் களவு போகின்றன. அதிலும் எளிதில் போகக்கூடியது அந்த 18தான். வீதியில் ஓடாமல் சோதனைக்கு ஒருவரை அனுப்ப முடியாது. யார்டிலோ ஒரு வண்டிக்கு நாலைந்து பேரை நிற்கவைத்து, ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்துவிட்டு, முழு நேரமும் பயின்றதாக எழுதிவிடலாம். சிபிசி தொலைக்காட்சியின் மார்க்கெட்பிளேஸ் நிகழ்ச்சி 2024இல் மறைகமராவுடன் போனபோது, கட்டாய மணித்தியாலங்களைக் குறைக்கும் பாடசாலைகள் ஒன்ராறியோவில் இருப்பது அம்பலமானது.

தெரிந்தவர் சொன்னார் என்று காசைக் கொண்டுபோய்க் கொடுப்பது நம்மவர்களின் வழக்கம். ரொறன்ரோ பெரும்பாகத்தில் ஏ வகுப்பு அனுமதிப்பத்திரம் எடுக்கப் போகும் தமிழர்கள் அதற்கு முன் பார்க்கவேண்டியது, அந்தப் பாடசாலை தொழிற்கல்லூரிகள் சட்டம், 2005இன் கீழ் பதிவானதா என்பதை. மாகாண அரசின் இணையத் தேடலில் இலவசமாகப் பார்க்கலாம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், பிரதி உங்கள் கைக்கு வரவேண்டும். பிரதி கிடைத்து இரண்டு நாளுக்குள் எழுத்துமூலம் விலகினால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். படிக்காத மணித்தியாலத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். நாளை முறையிடப் போகும்போது அந்தக் கையெழுத்தே உங்களுக்கு எதிராகப் பேசும். எத்தனை மணிக்கு ஏறினீர்கள், எத்தனை மணிக்கு இறங்கினீர்கள் என்று தினமும் குறித்துவையுங்கள். முறைப்பாட்டை முதலில் பாடசாலையின் சொந்த நடைமுறைப்படி எழுத்தில் கொடுக்கவேண்டும். தீராவிட்டால் தொழிற்கல்லூரிகள் கண்காணிப்பாளரிடம் கொண்டுபோகலாம்.

சோதனையில் பாஸாவது வேறு, ஓடத் தெரிவது வேறு. யார் சோதிக்கிறார் என்பதைப் பொறுத்தும் முடிவு மாறுகிறது. ஒன்ராறியோ கணக்காய்வாளர் நாயகத்தின் 2019 அறிக்கை இதற்குச் சாட்சி: தங்கள் சாரதிகளைத் தாங்களே சோதிக்க அனுமதி பெற்ற கம்பனிகளில் 95 வீதம் பேர் தேறினார்கள், அரச சோதனை நிலையங்களில் 69 வீதம்தான்.

லைசன்ஸோடு வேலைக்குப் போன முதல் மாதத்தில் மோதல்கள் வரலாம். இருட்டில், குறுகிய முடுக்கில், பின்னால் நான்கு வண்டிகள் காத்து நிற்க, "கெதியா எடு" என்று யாரோ கத்துவார். ஒன்ராறியோவின் தொழிற்கூட விதிமுறை 851, பிரிவு 56 என்ன சொல்கிறது என்று அந்த நேரத்தில் நினைவிருக்கட்டும். போகும் பாதை சாரதிக்கு முழுமையாகத் தெரியாவிட்டால், தகுதியுள்ள ஒருவர் சைகை காட்டினால் மட்டுமே வண்டியை நகர்த்தலாம். அவர் சாரதியின் கண்ணில் படும்படியும், வண்டி வரும் பாதைக்கு வெளியிலும் நிற்கவேண்டும். ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை கனடாத் தொழிற் சட்டத்தின் 128ஆம் பிரிவில் இருக்கிறது. மாகாண எல்லை தாண்டி ஓடும் கம்பனிகளுக்கு அது பொருந்தும்.

எங்கேனும் தட்டிவிட்டால் அடுத்த கேள்வி, "சம்பளத்தில் பிடிக்கலாமா?" அதே சட்டத்தின் 254.1ஆம் பிரிவுப்படி, சேதத்துக்கென்று பிடிக்க உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அந்த வண்டி வேறு யாருடைய கைக்கும் எட்டக்கூடியதாக இருந்திருந்தால் சம்மதம் இருந்தும் பிடிக்க முடியாது. கைமாறிக் கைமாறி ஓடும் ட்ரெய்லர்களை நினைத்துப் பாருங்கள். பிடித்துவிட்டால், சம்பளம் தந்திருக்கவேண்டிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மத்திய அரசின் தொழிற் திட்டப் பிரிவில் முறையிடவேண்டும். மாகாணத்துக்குள் மட்டும் ஓடும் கம்பனி என்றால் ஒன்ராறியோவின் வேலைத் தர நியமச் சட்டம் பொருந்தும். அதில் அவகாசம் இரண்டு வருடம்.

"உன் பெயரில் ஒரு கம்பனி பதிந்துகொண்டு வா, வரி பிடிக்காமல் முழுக் காசும் தருகிறோம்" என்பவர்களும் இருக்கிறார்கள். டிரைவர் இன்க் என்று பெயர்பெற்ற இந்த ஏற்பாட்டில் மேலே சொன்ன சம்பளப் பாதுகாப்பு எதுவுமே இல்லை என்றுதான் புதியவரிடம் சொல்வார்கள். உண்மை அப்படியல்ல. ஊழியரை ஊழியர் அல்லாதவராகக் காட்டுவதை மத்திய சட்டம் 2021 ஜனவரி 1 முதல் தடைசெய்திருக்கிறது. தகராறு வந்தால் நிரூபிக்கவேண்டிய பொறுப்பு கம்பனியுடையது.

பாடசாலையில் காசு கட்டப் போகும் நாளில் அலுவலகத்துக்குள் நுழையமுன் யார்டுக்குப் போங்கள். ஒரு வண்டிக்கு எத்தனை பேர் காத்து நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். அங்கே நிற்கும் ஒரு மாணவரிடம், இன்று எத்தனை தரம் பின்னுக்கு எடுத்தீர்கள் என்று கேளுங்கள்.